மைக்கில் சொன்ன சாப்பாடு

பிள்ளைகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்துக்குப் போய்விடுவேன். மறதியும் வந்துவிட்டது. போன கிழமை நியூ லின் ஸ்டேஷனில் நின்றுகொண்டு, ரயில் ஏற வந்தேனா, இறங்கி நிற்கிறேனா என்று யோசித்தேன். ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரவீன் முதலில் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. சமையல் வான் வண்டிக்கும் பஸ்ஸுக்கும் புதிதாகச் சேர்ந்த உங்களை எல்லாம் ஆல்பனியில் ஒரு மண்டபத்தில் கூட்டப்போவதாகவும், நான் வந்து அரை மணித்தியாலம் பேசவேண்டும் என்றும் சொன்னார். நாலு முகங்கள் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "எழுதித் தாறன் தம்பி" என்றேன். "சரி ஆன்ட்டி. ஆனா ஏரிக்கரையில பனி கொட்டின கதையத்தான் எழுதணும். என்னை நல்லவனாக் காட்ட ஒண்ணும் சேர்க்கக்கூடாது" என்றார். அன்றைக்கு அந்த பஸ்ஸில் வழிகாட்டியாக இருந்தவர் அவர்தான். இன்றைக்கு உங்களுக்கு மேலாளர்.

வேலை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அப்போது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க விசாவில் வருகிற அப்பா அம்மாக்கள், இங்கேயே பிள்ளைகளோடு இருக்கிற வயதானவர்கள், இவர்களைச் சேர்த்து ஓக்லாந்திலிருந்து வெலிங்டன்வரை பஸ்ஸில் கூட்டிப்போவோம். சோறும் சாம்பாரும் இல்லாமல் அவர்களுக்கு ஊர் பார்க்க வராது. அதனால் ஒரு வான் சமையல் சாமான்களோடு முன்னால் போகும். பஸ் வந்து சேரும்போது இலையும் சோறும் தயாராக இருக்க வேண்டும். வானில் சமையல் மாஸ்டர் போவார். நான் பஸ்ஸில் இருப்பேன்: தேநீர் ஊற்றுவது, தண்ணீர் கொடுப்பது, வாந்தி வந்தால் பை பிடிப்பது என் வேலை. சாப்பாட்டு இடம் வந்ததும் இறங்கி மாஸ்டரோடு பரிமாறுவேன்.

மாஸ்டர் மதுரைப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது குறைவு. என்னை அக்கா என்பார், நான் அவரை மாஸ்டர் என்பேன். சமையல் அவரிடம் நான் படிக்கவில்லை, அது என் கையில் முன்பே இருந்தது. பரிமாறுவதைத்தான் படித்தேன். "கேக்கிறவங்களுக்கு யாரும் போட்டிருவாங்க அக்கா. கேக்காதவங்க எங்க உக்காந்திருக்காங்கன்னு முதல்ல பாத்துக்கங்க" என்பார். எனக்கு அது சுலபமாகப் பிடிபட்டது. நானும் கேட்காத சாதிதானே. கல்யாண வீட்டில் பாயசம் வராவிட்டால் வராதது மாதிரியே எழும்பிப் போகிறவள்.

இன்னொரு வழக்கம் எங்களிடம் இருந்தது. அதில்தான் இந்தக் கதை. எங்கள் பயணிகளில் பலருக்கு நீரிழிவு. சிலருக்குச் சாப்பாட்டுக்குக் கால் மணித்தியாலம் முன்பு இன்சுலின் ஊசி போட வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் உடம்பில் சீனி ஒரேயடியாக இறங்கி ஆள் மயங்கிவிடும். அதனால் மாஸ்டர் போனில் "ரெடி" என்று சொன்னதும், தூரத்தைக் கணக்குப் பார்த்து, பிரவீன் மைக்கில் "இன்னும் கால் மணி நேரத்துல சாப்பாடு" என்பார். உடனே பஸ் முழுக்கப் பைகளின் ஸிப் திறக்கிற சத்தம் கேட்கும். வயிற்றில் ஒரு குத்து, பிறகு துடைத்துக்கொண்டு இருப்பார்கள். நல்ல வழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எத்தனையோ பயணத்தில் ஒரு பிழையும் வரவில்லை.

அந்தப் பயணம் மே மாதத்தில். இங்கே குளிர்காலம் ஜூனில்தான், அது இன்னும் தொடங்கவில்லை. பனி பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு "இப்ப இருக்காது, மலை உச்சியில மட்டும் பார்க்கலாம்" என்று பிரவீன் சொல்லியிருந்தார். தௌபோ ஏரிக்கரையில் இரவு தங்கினோம். காலையில் எழும்பினால் காற்று. ஏரியா கடலா என்று சொல்ல முடியாதபடி அலை. நடக்கப்போன ஓர் அம்மாவின் சேலைத் தலைப்பு வேலியில் சிக்கி, அதை எடுக்க மூன்று பேர் போனார்கள்.

அன்று காலைச் சாப்பாட்டில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. பொன்னம்பலம் ஐயா என்று ஒருவர். ஓக்லாந்தில் மவுண்ட் ரோஸ்கில்லில் மகளோடு இருக்கிறவர், தனியாக வந்திருந்தார். ஒல்லி, எப்போதும் சாம்பல் நிறச் சால்வை. மகள் பிரவீனின் போனுக்கு அழைத்தாள். பிரவீனுக்கு இரண்டு கையிலும் தட்டு. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா ஊசி போட்டவரோ? சீனி கீனி தொட்டவரோ? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ" என்று அந்தப் பிள்ளையின் குரல் சாப்பாட்டு அறை முழுக்கக் கேட்டது.

பக்கத்து மேசையில் விஜயா அம்மா இருந்தார். திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாய்க்குப் பூட்டு இல்லை. "என்ன சார், மக அட்டெண்டன்ஸ் எடுக்கிறாங்களா? 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லிருங்க!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட மனதோடு ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயாவும் சிரித்தார். ஆனால் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பினார். மற்றவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. எனக்கு என் காது சுட்டது.

மாஸ்டர் அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே வானை எடுத்துவிட்டார். காற்றில் கூடாரம் நிற்காது, மரம் மறைவான இடமாகப் பார்க்க வேண்டும் என்றார். ஏரியின் தெற்குப் பக்கம் போகும் பாதையில், ஒரு மேடு தாண்டிய பிறகு, கரையோரம் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கேதான் மத்தியானச் சாப்பாடு. சீனிப் பொட்டலம், பழங்கள், பிஸ்கட் பெட்டி எல்லாம் வானில். பஸ்ஸில் தேநீர்க் குடுவைகள் மட்டும். அதுவும் சீனி போடாத தேநீர், நீரிழிவுக்காரர்கள் அத்தனை பேர் இருந்தபடியால்.

நாங்கள் காட்சிகள் பார்த்துவிட்டுப் புறப்பட மத்தியானம் ஆகிவிட்டது. பாதை ஏரியை ஒட்டிப் போகும். வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் மேடு. மேட்டில் ஏறத் தொடங்கும்போது மாஸ்டர் பிரவீனுக்குப் போன் பண்ணினார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"சோறு வடிச்சாச்சு. காத்து இருக்கு, ஆனா வெயில் பளிச்சுன்னு அடிக்குது. வந்துருங்க."

பிரவீன் மைக்கை எடுத்தார். "ஐயா அம்மா எல்லாருக்கும் வணக்கம். இன்னும் கால் மணி நேரத்துல சுடச்சுட சாப்பாடு. வெண்டைக்காய் வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல்."

ஸிப்புகள் திறந்தன. நான் கோப்பைகளைச் சேர்த்துக்கொண்டு பின்னால் வந்தேன். பொன்னம்பலம் ஐயா ஜன்னல் பக்கம் திரும்பி, சால்வையை மடியில் விரித்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பைக்குள் வைத்தார். கண்ணாடி மூக்கில் இருக்கிறது, பிறகு கூடு எதற்கு என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனேன்.

மேட்டின் பாதி வந்திருப்போம். வானம் வெள்ளையாகி, ஜன்னலில் ஏதோ தட்டியது. முதலில் ஆலங்கட்டி மாதிரி. பிறகு பஞ்சு. பிறகு ஒன்றுமே தெரியவில்லை. பஸ்ஸுக்குள் குழந்தைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். "ஸ்நோ! ஸ்நோ!" என்று ஒருவர் எழும்பி நின்று படம் பிடித்தார். "மலை உச்சியிலதான்னு சொன்னீங்களே பிரவீன், மலையே நம்மளைப் பார்க்க வந்திருச்சு!" என்றார் விஜயா அம்மா.

பஸ் மெதுவாகி நின்றது. முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. ஒரு பைன் மரம் பாதைக்குக் குறுக்கே சாய்ந்து கிடப்பதாக ஓட்டுநருக்கு ரேடியோவில் செய்தி வந்தது. பின்னாலும் வாகனங்கள் வந்து ஒட்டி நின்றுவிட்டன. அந்த வளைவில் பெரிய பஸ்ஸைத் திருப்பவும் முடியாது. ஏரிப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கும்போதெல்லாம் பஸ் ஒருமுறை மூச்சு விடுவது மாதிரி அசைந்தது.

ஓட்டுநர் இந்த ஊர்க்காரர், அந்தப் பாதையில் வெகு காலம் ஓடியவர். அவர் இங்கிலிஷில் சொன்னதைப் பிரவீன் எங்களுக்குச் சொன்னார். ஏரித் தண்ணீர் இன்னும் கோடைச் சூட்டை விடவில்லையாம். தெற்கிலிருந்து கடுங்குளிர்க் காற்று அதன் மேலால் நீளத்துக்கு வரும்போது ஈரத்தைக் குடித்துக்கொண்டு வந்து, இந்தக் கரையில் மேடு மறிக்கிற இடத்தில் பனியாகக் கொட்டுமாம். அதுவும் ஒரு பட்டை மாதிரி. பட்டைக்கு அந்தப் பக்கம் வெயில், இந்தப் பக்கம் வெயில், நடுவில் மட்டும் இப்படி. இத்தனை முன்னதாக வருவது அரிது என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாஸ்டர் பொய் சொல்லவில்லை, அவர் நின்ற இடத்தில் வெயில். பிரவீனும் பொய் சொல்லவில்லை, வழக்கமான கணக்கைச் சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் ஏரி ஒரு திரையை இறக்கிவிட்டது. சோறு அந்தப் பக்கம். ஊசி இந்தப் பக்கம்.

பிரவீன் மாஸ்டரை அழைத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை, போன் எடுபடவில்லை. ஆட்கள் பயப்படக் கூடாது என்று மைக்கில், "ஒண்ணும் இல்லைங்க, மரத்தை வெட்டிட்டு இருக்காங்க, பத்து நிமிஷத்துல போயிரலாம், சாப்பாடு ரெடியா இருக்கு" என்றார். நல்ல பிள்ளை. பயணிகள் முகம் வாடினால் தாங்க மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இதோ இப்ப கிளம்பிடும்." மறுபடியும், "பத்தே நிமிஷம்."

மூன்றாம் தரம் சொன்னபோது எனக்கு முன்னால் ஓர் அம்மா பையின் ஸிப்பைத் திறந்தார்.

"என்னம்மா செய்யிறியள்?" என்றேன்.

"முதல்ல போடல, பஸ் நின்னுடுச்சேன்னு பொறுத்துக்கிட்டேன். இப்பதான் பத்து நிமிஷங்கிறாரே, போட்டுக்கிறேன்."

"வேண்டாமம்மா, கொஞ்சம் பொறுங்கோ" என்று அவர் கையைப் பிடித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். இன்னும் இரண்டு இருக்கைகளில் பைகள் திறந்திருந்தன.

பிள்ளைகளே, இந்த இடத்தை அவசரப்படாமல், ஆறுதலாக வாசியுங்கள். பிரவீன் தைரியம் கொடுக்கத்தான் பேசினார். ஆனால் எங்கள் மைக்குக்கு ஒரு வேலை பழக்கப்பட்டுப் போயிருந்தது. அதில் "சாப்பாடு" என்று சொன்னால் ஊசி போடுவார்கள். ஒவ்வொரு தரமும் அவர் ஆறுதல் சொல்லச் சொல்ல, ஒன்றிரண்டு பேர் கூடுதலாக ஆபத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் முன்னால் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது தெரியவில்லை. நான் பின்னால் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் முன்னுக்குப் போனேன். அவர் காதோடு சொன்னேன். "தம்பி, சாப்பாடு எண்ட சொல்லைச் சொல்லாதேங்கோ. ஆக்கள் ஊசி போடுகினம்."

"ஐயோ" என்றார். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். மறுபடி இறக்கினார். எதைச் சொன்னாலும் பிழையாகிவிடுமோ என்று பயந்துவிட்டார் போல. "ஆன்ட்டி, நீங்க சொல்றீங்களா? நான் சொன்னா இன்னும் யாராவது..." என்று மைக்கை நீட்டினார்.

எனக்கு அறுபத்திரண்டு வயது அப்போது. அதுவரை மைக்கைத் தொட்டது துடைப்பதற்கு மட்டும்தான். எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் அகப்பையைப் பிடிப்பது மாதிரிப் பிடித்தேன்.

"நான் சமையல் அக்கா கதைக்கிறன்" என்றேன். என் குரல் கூரையிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. முழு பஸ்ஸும் தலை தூக்கியது. கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி ஆயிற்று. "சாப்பாடு இப்ப இல்லை. எப்ப வருமெண்டு எனக்குத் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. ஊசி போடாத ஆக்கள் தயவுசெய்து போடாதேங்கோ. போட்ட ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அக்கா, சாப்பாடு இல்லன்னா பரவால்ல, இன்னொரு தடவை வத்தக்குழம்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு பஸ் லேசானது. நான் பயந்தது மாதிரி ஒருவரும் கத்திக் குழறவில்லை, கோபப்படவில்லை. இல்லை என்ற சொல்லைத் தாங்க அவர்களுக்குத் தெரியும். நாங்கள்தான் அவர்களுக்குத் தாங்காது என்று நினைத்திருந்தோம்.

நாலு கைகள் உயர்ந்தன. விஜயா அம்மா அதற்குள் எழும்பி வந்துவிட்டார். வாய் இப்போது வேறு மாதிரி இருந்தது, வார்டில் நிற்கிற வாய். "யார்கிட்ட என்ன இனிப்பு இருக்கோ எல்லாத்தையும் எடுங்க. சீக்கிரம்."

பைகள் கவிழ்ந்தன. பிள்ளைகளே, அன்று வெளியே வந்தவற்றைப் பார்க்க வேண்டும். சீனி இல்லாத பிஸ்கட். சீனி இல்லாத மிட்டாய். சீனி இல்லாத சாக்லேட். ஓக்லாந்திலுள்ள அத்தனை பிள்ளைகளும் அப்பா அம்மாவின் உடம்பைப் பார்த்துப் பார்த்து வாங்கி அடுக்கிவிட்ட சாமான்கள். ஒரு சொட்டு இனிப்பு இல்லை. ஓட்டுநரைக் கேட்டோம். அவர் பாதி குடித்த கோலாவைக் காட்டினார். அதுவும் சீனி இல்லாதது. அவருக்கும் நீரிழிவாம்.

"பாசக்காரப் பிள்ளைங்க, நம்மளைக் கொன்னுடுவாங்க போலிருக்கே!" என்றார் விஜயா அம்மா. கடைசியில் ஒருவருடைய சட்டைப் பையிலிருந்து, பேரனுக்கென்று வைத்திருந்த டொஃபி கொஞ்சம் கிடைத்தது. கை உயர்த்திய நாலு பேருக்கும் அது சரியாகப் போயிற்று. "அது கரைஞ்சதும் அந்தச் சீனியில்லாத பிஸ்கட்டைக் குடுங்க. சீனி இல்லாட்டியும் மாவு இருக்கு, கொஞ்ச நேரம் தாங்கும்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டு போனார்.

நான் பிஸ்கட்டைக் கொடுத்துக்கொண்டே பின்னால் வந்தேன். பொன்னம்பலம் ஐயா கை உயர்த்தவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை, வெள்ளைதான்.

காலையில் அத்தனை பேர் முன்னால் மகள் கேட்ட கேள்வியும் சிரிப்பும் எனக்கு நினைவு வந்தது. கண்ணாடிக் கூடும் நினைவு வந்தது; ஊசியை அதற்குள்தான் ஒளித்து வைத்திருக்கிறார். இவர் கை உயர்த்த மாட்டார். நானாக இருந்தாலும் உயர்த்தியிருக்க மாட்டேன்.

ஆனால் "ஐயா, நீங்கள் ஊசி போட்டியளோ?" என்று அங்கே நின்று கேட்டால், காலையில் நடந்ததையே நானும் செய்தவளாவேன். அதனால் அவர் பக்கத்தில், நடைபாதையில் குந்தினேன். என் தலை அவர் முழங்கை மட்டத்துக்கு வந்தது. வேறு ஒருவருக்கும் கேட்காது.

"ஐயா, எனக்கும் ஆக்களுக்கு முன்னால கதைக்க ஏலாது. இப்ப மைக்கில கதைச்சனான் எல்லே, கால் இன்னும் நடுங்குது" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்க நேரமெடுத்தது. "உங்களுக்குக் கால்தான்" என்றார் மெதுவாக. "எனக்குக் கையும்."

சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்துக் காட்டினார். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. நெற்றியில் வேர்வை. வெளியில் பனி கொட்டுகிறது, மனிதருக்கு வேர்க்கிறது.

நான் விஜயா அம்மாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எல்லோரும் திரும்புவார்கள். எழும்பிப் போய் அவர் தோளைத் தொட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வந்தார். அவர் வாய் பேசாமல் நான் பார்த்தது அப்போதுதான். குனிந்து ஐயாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "டொஃபி?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன், இல்லை என்று. முடிந்துவிட்டது.

விஜயா அம்மா ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு, "பிரவீன்!" என்று கத்தினார். "கீழ பெட்டி வைக்கிற இடத்துல என் பெட்டி இருக்கு. சிவப்புப் பெட்டி, கைப்பிடியில பச்சை ரவிக்கைத் துணி கட்டியிருக்கும். அதுல மேலயே மனுக்கா தேன் இருக்கு. என் சம்பந்திக்கு வாங்கினது. ஓடு!"

பிரவீன் எதற்கு, யாருக்கு என்று கேட்கவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தபோது காற்று உள்ளே பாய்ந்து முன்வரிசைப் பத்திரிகைகளைப் பின்வரிசைக்குக் கொண்டுவந்தது. இருவரும் மேட்டுப் பக்கமாக, காற்று மறைவில் இறங்கினார்கள். ஊரிலிருந்து வருகிறவர்களின் பெட்டிகளில் பாதி சிவப்பு. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு துணி கட்டியிருக்கும். பனியில் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அந்த நேரம் மிக நீளமாக இருந்தது.

நான் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு குந்தியே இருந்தேன். அவர் பேச்சு கொஞ்சம் குழறத் தொடங்கியது. "மகளுக்குச் சொல்லாதேங்கோ" என்றார். இரண்டு தரம் சொன்னார்.

"நான் சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்லோணும்" என்றேன். "அதுக்கு முதல் என்னோட கதைச்சுக்கொண்டிருங்கோ. மகள் என்ன கறி நல்லாச் சமைப்பா?"

அவர் யோசித்தார். "ஒண்டும் நல்லாச் சமைக்க மாட்டாள்" என்றார். "ஆனா ஒவ்வொரு நாளும் சமைப்பாள்."

பிரவீன் வந்தார். தலையிலும் புருவத்திலும் பனி. மெல்லிய சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. போத்தல் கையில், விரல்கள் விறைத்துத் திறக்க முடியவில்லை. விஜயா அம்மா பறித்து, ஊறுகாய்ப் போத்தலை அடிப்பது மாதிரி அடியில் ஒரு தட்டுத் தட்டித் திருகினார். என் தேநீர்க் கரண்டியால் அள்ளி ஐயாவின் வாயில் வைத்தேன். ஒன்று. அவர் விழுங்கும்வரை பார்த்திருந்து, இன்னொன்று.

பிறகு நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காற்று பஸ்ஸை ஆட்டியது. முதலில் வேர்வை நின்றது. பிறகு விரல்களின் ஆட்டம் அடங்கியது. பிறகு அவர் பார்வை எங்கள்மேல் வந்து நிலைத்தது.

"நல்ல தேன்" என்றார்.

"நல்லா இல்லாம? சம்பந்திக்குன்னு பார்த்துப் பார்த்து எடுத்தது!" என்றார் விஜயா அம்மா. போத்தலை மூடிக்கொண்டே, "சார், காலையில நான் விளையாட்டா சொன்னேன்" என்றார்.

"தெரியும்" என்றார் ஐயா. "உள்ளேன் டீச்சர்."

விஜயா அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அதன் பிறகும் வெகு நேரம் நின்றோம். மைக்கைப் பிரவீனிடம் கொடுத்தேன். அவர் "மரம் இன்னும் கிடக்கு. தெரிஞ்சதும் சொல்றேன்" என்று உள்ளதை மட்டும் சொன்னார். விஜயா அம்மா தேன் போத்தலோடு அந்த நாலு பேரையும் ஐயாவையும் சுற்றிச் சுற்றி வந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ரம்ப வாளோடு வந்து மரத்தை அறுத்து இழுத்த பிறகு பாதை திறந்தது. மேடு இறங்கினோம். ஓட்டுநர் சொன்னது உண்மை. கொஞ்ச தூரத்திலேயே பனி கத்தரித்தது மாதிரி நின்று, வெயில். பின்னால் திரும்பிப் பார்த்தால் வெள்ளைச் சுவர்.

பூங்காவில் மாஸ்டர் வானை மரங்களுக்கு மறைவாக நிறுத்தியிருந்தார். கூடாரம் அடிக்கவில்லை. எங்களைக் கண்டதும் ஓடி வந்தார். சோற்றைப் போர்வையால் சுற்றிச் சூடு போகாமல் வைத்திருந்தார். நான் சொல்ல முதலே பிரவீன் நடந்ததை எல்லாம் சொன்னார். மாஸ்டர் கேட்டுவிட்டு, "நான் வெயிலைப் பார்த்து வாங்கன்னுட்டேன். நீங்க எங்க இருக்கீங்கன்னு கேக்கல" என்றார். முதல் தட்டைப் பொன்னம்பலம் ஐயாவிடம் அவரே கொண்டுபோனார்.

அங்கே போன் எடுபட்டது. பிரவீனின் போன் அடித்தது. ஐயாவின் மகள். பாதை மூடிய செய்தியைப் பார்த்துவிட்டுப் பதறியிருக்கிறாள். பிரவீன் ஸ்பீக்கரில் போடவில்லை. போனை ஐயாவின் கையில் கொடுத்துவிட்டு, ஏரியைப் பார்ப்பது மாதிரித் தள்ளிப் போய் நின்றார். ஐயா நீண்ட நேரம் கதைத்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

வெலிங்டனில் இறங்கும் நாள் விஜயா அம்மாவின் இருக்கையில் ஒரு புது மனுக்கா தேன் போத்தல் இருந்தது. யார் வைத்தது என்று அவர் பஸ் முழுக்கக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னால் ஒருவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் இப்போது நீங்கள் செய்கிற முறைகள் வந்தன. சாப்பாட்டைக் கண்ணால் கண்ட பிறகே மைக்கில் சொல்வது. பஸ்ஸிலேயே ஒரு டப்பா குளுக்கோஸ் வைத்திருப்பது, வானில் அல்ல. இவற்றை எழுதி ஒட்டியிருக்கிறார்கள், நீங்கள் வாசித்திருப்பீர்கள். எழுதி ஒட்டாதது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கை உயர்த்தச் சொல்லிக் கேட்டுவிட்டு, எண்ணி முடித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். கேட்ட பிறகு ஒருமுறை நடந்து போங்கள். உயர்த்தாத கைகளைப் பாருங்கள். கேட்க வேண்டியிருந்தால் குந்தியிருந்து கேளுங்கள்.

இதில் நான் பிழையாக எழுதியது இருக்கும். அந்த மேட்டின் பெயர் எனக்கு வாயில் வரவே இல்லை, பிரவீன் பார்த்துப் போடட்டும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் ஓட்டுநரைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். தேன் இரண்டு கரண்டி என்று எழுதியிருக்கிறேன், மூன்றாகவும் இருக்கலாம். அதைப் பொன்னம்பலம் ஐயாவிடம்தான் கேட்க வேண்டும். அவர் இப்போதும் மவுண்ட் ரோஸ்கில்லில் மகளோடு இருக்கிறார். உங்களில் ஒருவர் போய்க் கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும். போனில் கேட்காதீர்கள், "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவார். நேரில் போய்ப் பக்கத்தில் இருந்து, கொஞ்ச நேரம் வேறு கதை கதைத்த பிறகு கேளுங்கள்.